நிணநீர் நாளங்களின் கருவியல்: சிரையிலிருந்து தொடங்கிப் படித்த அனுபவம்

எம்.பி.பி.எஸ். முதலாண்டுக் கருவியலில் நிணநீர் மண்டலத்துக்குக் கிடைக்கும் இடம் ஓரிரு பக்கங்களைத் தாண்டுவதில்லை என்பதால், தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று பலரும் அதை ஒதுக்கிவைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். உள்மதிப்பீட்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), கருவில் நிணநீர் மண்டலம் தொடங்கும் ஆறு நிணநீர்ப் பைகளின் பெயர்களையும் தடங்கலின்றி ஒப்பித்து முடித்ததும், எதிரே இருந்த பேராசிரியை, “வயிற்றிலேயே அவ்வளவு பெரிய கீழ்ப் பெருஞ்சிரை இருக்கும்போது, மார்பு நிணநீர் நாளம் ஏன் கழுத்து வரை ஏறிப்போய்த் திறக்கிறது?” என்று கேட்டார். நான் மேசையில் இருந்த எலும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் பாடம் பிடிபட்டது. நிணநீர் நாளங்கள் பெரும்பாலும் சிரையின் பிள்ளைகள். மனிதக் கருவில் இரத்த ஓட்ட மண்டலம் தோன்றி ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து, கருவின் தலைப்பக்க இரத்தத்தைக் கொண்டுவரும் முன் கார்டினல் சிரையும் கைப்பக்கத்துச் சப்கிளேவியன் சிரையும் கூடுமிடத்தின் அருகே முதல் இரு பைகளான ஜுகுலர் (கழுத்துப்) பைகள் உருவாகின்றன. சிரையோடு நிலைத்து நிற்கும் முக்கியமான தொடர்பு அங்கேதான் அமைகிறது என்பதால், உடலின் கீழ்ப்பகுதியில் சேரும் நிணநீரும் அந்தக் கழுத்தடி வாசலைத் தேடி மேலே வர வேண்டியிருக்கிறது. தொடக்க காலத்தைச் சில நூல்கள் ஐந்தாம் வாரத்தின் இறுதி என்றும், சில நூல்கள் ஆறாம் வாரத்தின் இறுதி என்றும் குறிப்பிடுகின்றன. உங்கள் துறையில் பின்பற்றும் நூல் எதுவோ அதையே எழுதுங்கள், இதில் வாதாடி மதிப்பெண் வாங்க முடியாது.

மீதி நான்கு பைகளையும் இடம் பார்த்தே நினைவில் வைக்கலாம். இடுப்புப் பகுதியின் இலியாக் சிரைகள், கருவின் கீழ்ப்பகுதி இரத்தத்தைக் கொண்டுவரும் பின் கார்டினல் சிரைகளோடு சேருமிடத்தில் இரண்டு, குடல்தாங்கிச் சவ்வின் வேரருகே வயிற்றின் பின்சுவரில் ஒன்று, அதற்கும் பின்னால் சிஸ்டெர்னா கைலி என்ற நிணநீர்த் தேக்கப் பை. இவற்றில் சிஸ்டெர்னா கைலியின் மேற்பகுதி மட்டும் அப்படியே நிலைக்க, மற்றவை பிற்பாடு நிணநீர் முடிச்சுகளின் தொகுதிகளாக மாறுகின்றன.

மார்பு நாளத்தைச் சொற்களால் படிக்க வேண்டாம்; வரைந்து படியுங்கள். சிஸ்டெர்னா கைலியிலிருந்து இரு ஜுகுலர் பைகளுக்கும் இரண்டு கோடுகளை இணையாகப் போட்டு, நடுவில் ஒரு குறுக்கு இணைப்பு வரைந்துகொள்ளுங்கள். பிறகு பச்சைப் பென்சிலால் வலக்கோட்டின் கீழ்ப்பாதி, குறுக்கு இணைப்பு, இடக்கோட்டின் மேல்பாதி ஆகிய மூன்றையும் ஒரே இழுப்பில் தடித்துவிட்டால், வளர்ந்த உடலில் காணும் மார்பு நாளம் தாளில் தெரியும். வலக்கோட்டில் எஞ்சிய மேற்பகுதிதான் வலது நிணநீர் நாளம். நாளம் ஐந்தாம் மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் இடப்பக்கம் கடப்பதும், அதற்குக் கீழே காயம்பட்டால் பெரும்பாலும் வலது நெஞ்சறையிலும் மேலே பட்டால் இடதிலும் நிணநீர் தேங்குவதும், இந்த ஒரே படத்திலிருந்து வந்துவிடும்.

கோட்பாடுகளைப் பற்றிய குறுவினாவுக்குப் பெயரும் ஆண்டும் தேவை. பன்றிக் கருக்களில் மை செலுத்திப் பார்த்த புளோரன்ஸ் சேபின், நாளங்கள் சிரையிலிருந்து முளைத்து வெளிநோக்கிப் பரவுகின்றன என்று 1902-இல் எழுதினார். ஹண்டிங்டனும் மெக்ளூரும் 1910-இல், அவை மீசென்கைம் (கருவின் இடைத்திசு) இடைவெளிகளில் தனியே தோன்றிப் பிறகு சிரையோடு இணைகின்றன என்றனர். சுண்டெலிக் கருவில் ஏறத்தாழ ஒன்பதரை நாளில் கார்டினல் சிரைச் சுவரின் சில எண்டோதீலியச் (உட்படலச்) செல்களில் மட்டும் பிராக்ஸ்-1 மரபணு இயங்கத் தொடங்குவதையும், அது இல்லாத சுண்டெலிகளில் நிணநீர் மண்டலமே உருவாகாததையும் 1999-இல் விகிலும் ஆலிவரும் காட்டியபின், தராசு சேபின் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் இதயம் போன்ற சில உறுப்புகளில் சிரை சாராத செல்களும் பங்கேற்பது பின்னர் தெரியவந்ததால், “முழுவதும் சிரையிலிருந்தே” என்று எழுதிவிடாதீர்கள்.

மூலக்கூறுகளில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை என்பது என் கணிப்பு. சிரைச் செல்லின் அடையாளத்தை மாற்றுவது பிராக்ஸ்-1, மாறிய செல்லை வெளியே இழுப்பது விஇஜிஎஃப்-சி என்ற வளர்ச்சிக் காரணி, அந்த அழைப்பைக் கேட்கும் ஏற்பி விஇஜிஎஃப்ஆர்-3 என்ற வரிசை போதும். அந்த ஏற்பியின் மரபணு பழுதானால் பிறவியிலேயே கால் வீங்கும் மில்ராய் நோய் வரும் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் விடை எடுப்பாக இருக்கும்.

பல்கலைக்கழக வைவாவில், கழுத்தின் பின்புறம் நீர்க்கட்டி தெரிந்த ஒரு கருவின் ஸ்கேன் படத்தைத் தேர்வாளர் என் முன் நகர்த்தினார். சிஸ்டிக் ஹைக்ரோமா என்று பெயர் சொல்வதோடு நிற்காமல், ஜுகுலர் பை சிரையோடு சரியாக இணையாதபோது நிணநீர் அங்கேயே தேங்குவதிலிருந்து விளக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, குரோமோசோம் பரிசோதனையில் எதை எதிர்பார்ப்பாய் என்று கேட்டார். டர்னர் குறைபாட்டில் காணும் 45, எக்ஸ், அதாவது ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.