அறுபதாவது யுனிட்

2025 ஜூன் 12, வியாழன்

இன்று முதல் புது மின்சாரக் கட்டணம். 15 வீதம் கூடியிருக்கிறது. ஜனவரி 17இல் 20 வீதம் குறைத்தார்களே, அதில் பாதிக்கு மேல் வந்த வழியே போய்விட்டது.

மீட்டர் பார்ப்பவரும் இன்றைக்கே வந்தார். வாசிப்பு 4417. சுவரில் பென்சிலால் எழுதியாயிற்று. கணக்குப் பார்க்க இதைவிட நல்ல நாள் அமையாது. பழைய விலையும் புது விலையும் ஒரே பில்லில் கலந்து குழப்பாது.

விலை: 30 வரை யுனிட்டுக்கு 4.50, 31 முதல் 60 வரை 8 ரூபா. நிலையான கட்டணம் 30க்குள் என்றால் 80, 60க்குள் என்றால் 210. அறுபதைத் தாண்டினால் இதெல்லாம் செல்லாது. முதல் அறுபதுமே 12.75 ஆகிவிடும், 61 முதல் 90 வரை 18.50, நிலையான கட்டணம் 400. தொண்ணூறைத் தாண்டினால் 24 ரூபா, நிலையான கட்டணம் 1,000. இவை 30 நாளுக்கான எல்லைகள். 36 நாள் கழித்து வாசித்தால் அறுபது என்பது எழுபத்திரண்டாக வேண்டும். பில்லில் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, இரண்டு தேதிகளை.

ஜூன் 13

மழை. 4419.

ஜூன் 15, ஞாயிறு

60 யுனிட்: 135 + 240 + 210 = 585 ரூபா.
61 யுனிட்: 765 + 18.50 + 400 = 1,183.50.

வரி தனி. அந்த ஒரு யுனிட்டின் விலை 598 ரூபா 50 சதம். தோட்டத்தில் ஒரு நாள் பேர், அதாவது நாட்கூலி, 1,350. ஏறக்குறைய அரைப்பேர்.

லயத்தில், தோட்டத்தின் இந்த வரிசை வீடுகளில், எல்லோரும் பிரிஜ்ஜைத்தான் திட்டுகிறார்கள். இந்தக் குளிரில் பிரிஜ் பாதி நேரம் சும்மா நிற்கிறது. தின்பது கேத்தல். 1.7 லீட்டர் தண்ணீரை 15 பாகையிலிருந்து கொதிக்க வைக்க 0.17 யுனிட், வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 0.2. நாளைக்கு நாலு தரம் என்றால் மாதம் 24 யுனிட். கொழும்பில் குழாய்த் தண்ணீரே 28 பாகையில் வரும். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைப்பவர் அதே தேத்தண்ணிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறார். கட்டணப் பட்டியலில் குளிருக்கு இடமில்லை.

ஜூன் 24

இரவெல்லாம் மழை. தலவாக்கலையில் மேல் கொத்மலைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இருக்காது. 150 மெகாவாட். பெரிய கம்பி மலைக்கு மேலே போகிறது. லயத்துக்கு வரும் கம்பியில் மாலை ஆறரைக்கு பல்ப் மஞ்சளாகிறது.

ஜூலை 6, ஞாயிறு

“மீட்டர் பேய் மாதிரி ஓடுது” என்ற பேச்சு மறுபடியும். சோதிக்காமல் பேசக் கூடாது.

மீட்டர் முகத்தில் 1600 என்று எழுதியிருந்தால், சிவப்பு லைட் 1,600 தரம் சிமிட்டினால் ஒரு யுனிட். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 1,500 வாட் கேத்தலை மட்டும் போட்டால் நிமிடத்துக்கு 40 சிமிட்டல் வர வேண்டும். தொங்கல் காம்பிராவில், லயத்தின் கடைசி வீட்டில், 30தான் வந்தது. மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அங்கே வோல்டேஜ் 200. இருக்க வேண்டியது 230. வோல்டேஜ் 13 வீதம் விழுந்தால் கேத்தலின் வலு கால்வாசி விழும். ஆகவே 30 சரியான எண்ணிக்கை, மீட்டரும் சரி. தண்ணீர் கொதிக்கத்தான் நேரம் எடுக்கும், அந்த நேரமெல்லாம் சூடு வெளியே போகும்.

அடுத்தது கசிவு. மெயின் சுவிட்சை இறக்கினால் சிமிட்டவே கூடாது. சிமிட்டினால் மீட்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் யாரோ கம்பி கோர்த்திருக்கிறார்கள். மெயினை ஏற்றி, எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் சிமிட்டினால் வீட்டு வயரிங்கில் கோளாறு. இரண்டாம் காம்பிராவில் பத்து நிமிடத்துக்கு 4 சிமிட்டல். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அது 15 வாட். இரவு பகலாக ஓடினால் மாதம் கிட்டத்தட்ட 11 யுனிட். 55ஐ 66 ஆக்க அது போதும். ஈரச் சுவர் வழியாக மண்ணுக்குப் போகிறதென்றால் 65 மில்லிஅம்பியர். கசிந்தால் தானே கரண்டை நிறுத்தும் 30 மில்லிஅம்பியர் டிரிப் சுவிட்ச் எப்போதோ விழுந்திருக்க வேண்டும். சோதித்துப் பார்க்கும் ‘டி’ பொத்தானை அழுத்தினால் அசையவில்லை. யாரோ அதைச் சுற்றிக் கம்பி இழுத்து டைரெக்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். பில்லை விடுங்கள், அந்தச் சுவரில் பிள்ளைகள் சாய்கிறார்கள்.

ஜூலை 12, சனி

முப்பதாவது நாள். யாரும் வரவில்லை. 4472. சரியாக 55 யுனிட்.

மீட்டர் இலக்கமும் வாசிப்பும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுக்க வேண்டும். பழைய மீட்டர்களில் சிவப்புக் கட்டத்தில் இருக்கும் கடைசி இலக்கம் பத்தில் ஒன்று. அதையும் சேர்த்து நாற்பத்து நாலாயிரம் என்று வாசித்துப் பதறியவர்கள் இருக்கிறார்கள்.

ஜூலை 14

பில் வந்துவிட்டது. மீட்டரைப் பார்க்காமலே. 40 யுனிட், வாசிப்பு 4457. 425 ரூபா.

“குறைச்சித்தானே போட்டிருக்கான், ஏன் வாயத் தொறக்கிற?” என்கிறார் மாமா.

ஜூலை 15

நாற்பது எங்கிருந்து வந்தது? சராசரியாம். ஏப்ரலில் வீடு பூட்டிக் கிடந்ததும் அந்தச் சராசரிக்குள்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வந்தார். 4527. இந்த முப்பது நாளிலும் 55 யுனிட்தான். ஆனால் பில் 4457இலிருந்து தொடங்குகிறது. 70 யுனிட். 765 + 185 + 400 = 1,350.

சரியாக ஒரு நாள் பேர்.

ஆகஸ்ட் 12

தூக்கமில்லை. மறுபடி எழுதுகிறேன்.

உண்மையில் எரித்தது 55, 55. மாதம் 135 + 200 + 210 = 545. இரண்டுக்கும் 1,090.
பில்லில் வந்தது 40, 70. 425 + 1,350 = 1,775.

இரண்டிலும் மொத்தம் 110 யுனிட். வித்தியாசம் 685. அரைப்பேருக்கு மேலே 10 ரூபா.

யாரும் எதையும் திருடவில்லை. மீட்டர் சரி. கூட்டல் சரி. ஒரு மாதத்து 15 யுனிட் அடுத்த மாதத்துக்குப் போய் உட்கார்ந்ததில் அறுபது தாண்டிவிட்டது.

ஆகஸ்ட் 13

அஞ்சாம் காம்பிராவில் மறுபக்கம் நடந்திருக்கிறது. முதல் மாதம் 70 என்று ஊகம், அடுத்த மாதம் வாசித்தபோது மிச்சம் 40. கூட்டினால் அதே 1,775. ஊகம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அறுபதைத் தாண்டும் மாதம் ஒன்று வந்துவிடுகிறது. திரும்பக் கொடுக்கும் மாதம் என்று ஒன்று இல்லை.

ஆகஸ்ட் 18

மின்சார சபைக் கந்தோர். ஒன்றரை மணி நேரம்.

“மொத்தம் சரியாத்தானே வருது தம்பி?”

சரியாகத்தான் வருகிறது ஐயா, அதுதான் கோளாறே.

இணைப்பு யார் பெயரில் என்று கேட்டார்கள். தாத்தா பெயரில். அவர் செத்து ஆறு வருஷம். பெயர் மாற்றத் தோட்டத்துரையின் கடிதம் வேண்டும், ஏனென்றால் காம்பிரா நம்முடையதல்ல. பில் மட்டும் நம்முடையது.

ஆகஸ்ட் 20

கடிதம். வாய்ப்பேச்சு நிற்காது என்று தெரிந்துவிட்டது. கணக்கு இலக்கம், மீட்டர் இலக்கம், மூன்று தேதி, மூன்று வாசிப்பு, ஜூலை 12 போட்டோவின் பிரதி. கேட்பது ஒரே ஒரு வரி: 60 நாளையும் ஒன்றாக எடுத்து, எல்லையை 120 ஆக்கி, மீண்டும் கணக்கிடவும். ‘மீட்டர் பிழை’ என்ற சொல் கடிதத்தில் எங்கும் வரக்கூடாது. வந்தால் சோதனை மீட்டர், அதற்குக் கட்டணம் என்று வேறு பாதைக்குத் தள்ளிவிடுவார்கள். முத்திரை குத்திய பிரதி கையில் இல்லாமல் வெளியே வரக் கூடாது. அதில்லாமல் மேலே எழுதினால் முதலில் கந்தோரிடம் கேட்டீர்களா என்பார்கள்.

1,350ஐக் கட்டியாயிற்று. கட்டாமல் வழக்காடினால் சிவப்பு நோட்டீஸ் வரும். வெட்டினால் திரும்ப இணைக்கத் தனிக்காசு.

ஆகஸ்ட் 27

ஒன்றுமில்லை.

செப்டெம்பர் 4

பதில் வந்தது. தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில். பள்ளிக்கூடத்து சேர் வாசித்துச் சொன்னார்: மீட்டரில் பிழை எதுவும் காணப்படவில்லை.

செப்டெம்பர் 10

வந்தார். 4583. 56 யுனிட். அவரோடு கோபிக்க முடியவில்லை. கால் முழுக்க அட்டைக்கடி.

செப்டெம்பர் 21

இப்போது 6.8 வீதம் கூட்ட மின்சார சபை கேட்டிருக்கிறது. விலையைத் தீர்மானிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாகாணம் மாகாணமாகக் கருத்துக் கேட்கிறது. பேசப் போகிறவர்கள் எல்லோரும் விலையைப் பற்றித்தான் பேசுவார்கள். வாசிப்புத் தேதியைப் பற்றி யார் பேசப் போகிறார்?

ஆணைக்குழு 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. மின்சாரத்தை அதன் கையில் கொடுத்தது 2009இன் 20ஆம் இலக்கச் சட்டம். அதன் தலைவரை 2023 மே மாதம் பாராளுமன்றம் 123க்கு 77 என்று வாக்கெடுத்து நீக்கியது. தலைவருக்கே அந்தக் கதி என்றால் கீழே இருப்பவர்கள் யாரைப் பார்த்து நடப்பார்கள் என்று மனம் போகிறது. அதே ஆணைக்குழுதான் இந்த ஜனவரியில், விலையை அப்படியே வைக்கக் கேட்டபோது, 20 வீதம் குறைத்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். பலமில்லை என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நாட்டுக்கே ஒரு விலை என்றால் பார்க்க முடிகிறது. ஒரு லயத்தில் எத்தனை பில் ஊகத்தில் போனது, அதில் எத்தனை அறுபதைத் தாண்டியது என்று கந்தோர் கந்தோராக எண்ணிப் பிரசுரிக்க வைத்தால் போதும். விலையைத் தொடவே வேண்டாம்.

ஆணைக்குழுவுக்குக் கடிதம் பாதி எழுதி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வரவில்லை. 4640. 57 யுனிட். போட்டோ எடுத்தாயிற்று.

அக்டோபர் 13

44 யுனிட். வாசிப்பு 4627 என்று போட்டிருக்கிறார்கள்.

மறுபடியும்.

அக்டோபர் 14

6.8 வீதக் கோரிக்கையை ஆணைக்குழு நிராகரித்துவிட்டது. லயமே சிரிக்கிறது. மாமா எனக்கு அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார், நான்தான் நிறுத்தியது போல.

கணக்கு: நவம்பர் 9 அன்று வாசிப்பு 4687ஐத் தாண்டினால் பில்லில் 60 தாண்டும். ஏற்கெனவே 4640. ஆக 30 நாளுக்கு 47 யுனிட், நாளுக்கு 1.57. கேத்தல் காலையில் ஒரு தரம், பிளாஸ்க்கில் ஊற்றி வைப்பது. அயன் ஞாயிறு மட்டும், எல்லா உடுப்பும் ஒரே சூட்டில். இரண்டாம் காம்பிராவுக்கு டிரிப் சுவிட்ச் வாங்கியாயிற்று, பூட்ட ஆள் வரவில்லை.

அக்டோபர் 16

4649. சரியாகப் போகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. 4656. கணக்கைவிட இரண்டு கூட.