ஆட்டமில்லாத ஜூலையில் கிரீன் பே

விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரத்துக்கு வெளியூர்க்காரர்கள் படையெடுப்பது இலையுதிர் காலத்திலும் குளிரிலும்தான். செப்டம்பரில் தொடங்கி ஜனவரி தொடக்கம் வரை ஓடும் சீசனில், பேக்கர்ஸ் அணி சொந்த ஊரில் ஆடும் நாளென்றால் ஓட்டல் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும். நாங்கள் போனது 2024 ஜூலையில். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஜெயிக்கவும் தோற்கவும் ஒன்றும் இல்லாத மாதம் அது. "மேட்சே இல்லாத ஊருக்கு எதுக்குங்க இவ்வளவு தூரம்?" என்றாள் மனைவி. கார் அப்போது கெனோஷாவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

சிகாகோ புறநகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 மைல். மில்வாக்கி வரை 94-ஆம் எண் நெடுஞ்சாலை, அப்புறம் 43. மிச்சிகன் ஏரி வலப்பக்கம் எங்கோ இருக்கிறது என்று தெரியும், பெரும்பாலும் கண்ணில் படாது. சோளக்கொல்லை, பால்பண்ணை, சீஸ் கடைப் பலகை, மறுபடியும் சோளக்கொல்லை. நான் அமெரிக்காவில் முதலில் வேலை பார்த்தது மில்வாக்கியில். அங்கே ஒட்டிக்கொண்ட பேக்கர்ஸ் பைத்தியம், பேர்ஸ் அணியின் கோட்டையான சிகாகோவுக்குக் குடிவந்த பிறகும் விடவில்லை. தெருவில் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கொடி. பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பேசுகிறார் என்றால் அவருடைய பெருந்தன்மை.

மனைவியின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. பேக்கர்ஸின் சொந்த மைதானமான லம்போ ஃபீல்டில் 81,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையே ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அப்படியும் 1960 முதல் சீசன் டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தே இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்த கையோடு இந்தப் பட்டியலிலும் போட்டுவிடுகிறார்கள். எனவே அக்டோபரில் நான் வெறும் டிவி ரசிகன். ஜூலையில்தான் நான் ஓனர்.

ஆமாம், ஓனர். இந்த அணிக்கு முதலாளி என்று ஒரு பணக்காரர் கிடையாது. 1919-இல் கர்லி லம்போ என்ற இளைஞர், தான் வேலை பார்த்த இறைச்சி டப்பா கம்பெனியிடம் சட்டை வாங்க 500 டாலர் கேட்டு, பத்திரிகைக்காரர் ஜார்ஜ் கால்ஹூனோடு சேர்ந்து தொடங்கிய அணி. கம்பெனியின் பெயர் இந்தியன் பேக்கிங் கம்பெனி; நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலில் ஆடிய ஹேகமைஸ்டர் பார்க்கில் வேலிகூட இல்லை. கூட்டத்தில் தொப்பியை நீட்டிக் காசு வசூலித்திருக்கிறார்கள். 1923-இல் கையில் காசில்லாமல் ஊர்க்காரர்களிடமே பங்கு விற்று அணியைக் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஆறு தடவை விற்பனை நடந்திருக்கிறது. இப்போது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள்.

2021 நவம்பரில் தொடங்கிய கடைசி விற்பனையில் 300 டாலர் கொடுத்து நான் ஒன்று வாங்கினேன். லாபப் பங்கு வராது. வெளியே விற்க முடியாது. குடும்பத்தில் யாருக்காவது மாற்றித் தரலாம், அவ்வளவுதான். போனில் அம்மாவிடம் சொன்னபோது, "டேய், அந்தக் காசுக்கு அஞ்சு கிராம் தங்கம் வாங்கியிருக்கலாமேடா" என்றார். அதற்குப் பிறகு தங்கம் போன போக்கைப் பார்த்து அந்தப் பேச்சை நான் எடுப்பதே இல்லை. பங்கு விற்கும்போது கொடுத்த ஆவணத்தில், அணி ஆடும் என்எஃப்எல் லீக்கின் நடுவர்களைப் பொதுவெளியில் தாக்கிப் பேசக் கூடாது என்றுகூட ஒரு வரி உண்டு. எனவே நடுவர்களைப் பற்றி இந்தக் கட்டுரையில் ஒன்றும் இருக்காது.

பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டம் ஜூலையில் லம்போ ஃபீல்டுக்குள்ளேயே நடக்கும். கல்யாண மண்டபம் மாதிரி ஏதோ அறையில் வைப்பார்கள் என்று மனைவி நினைத்திருக்கிறாள். மைதானத்தின் நடுவே புல்தரையை ஒட்டி ஒரு மேடை, எதிரே ஆயிரக்கணக்கில் பச்சைச் சட்டைகள். இங்கே பெரும்பாலும் தனித்தனி நாற்காலி கிடையாது, நீள அலுமினிய பெஞ்சுதான். ஜூலை வெயிலில் அது தோசைக்கல். அனுபவசாலிகள் கையோடு மெத்தை கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் காரிலிருந்த துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தோம்.

கூட்டத்தில் ஓட்டு என்பது இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான். யாரை வாங்குவது, யாரை அனுப்புவது என்று நம்மிடம் கேட்க மாட்டார்கள். பொருளாளர் கணக்கு வாசிப்பார், பொது மேலாளர் பிரையன் குட்டகன்ஸ்ட் அணியைப் பற்றிச் சொல்வார், நாம் கைதட்டுவோம். ஆனால் அந்தக் கணக்கு சாதாரணக் கணக்கு இல்லை. 32 அணிகளில் வரவு செலவை வெளியிடுவது பேக்கர்ஸ் மட்டுமே. டிவி உரிமை முதலான பொது வருமானத்தை லீக் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கிறது. அந்த ஆண்டு பேக்கர்ஸுக்கு வந்த பங்கு 40.2 கோடி டாலர். அதை 32-ஆல் பெருக்கிப் பார்த்துத்தான் லீக்கின் பெட்டியில் எவ்வளவு இருந்தது என்று நாடு முழுக்கக் கணக்குப் போடுவார்கள். சந்தை சிறியதா பெரியதா என்று பார்க்காமல் சமமாகப் பிரிப்பதால்தான் கிரீன் பே நியூயார்க்கோடு மோத முடிகிறது. இல்லாவிட்டால் இந்த அணி எப்போதோ ஏதாவது பெருநகரத்துக்குக் குடிபோயிருக்கும்.

என் பக்கத்தில் ஒரு வயதான அம்மையார். 1997-இல் 200 டாலருக்கு வாங்கிய பங்காம். கணக்கு வாசிப்பதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "லவ் கையெழுத்துப் போட்டாரா இல்லையா, அதைச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார் என்னிடம், ஏதோ நான் சொன்னால் நடக்கும் என்பதுபோல. அவர் கேட்டது குவார்ட்டர்பேக், அதாவது பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், ஜோர்டன் லவ்வின் புது ஒப்பந்தத்தைப் பற்றி.

இரண்டு சீசனுக்கு நடுவே வரும் ஆஃப்சீசன் என்றால் என்ன என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். ஐபிஎல் ஏலம் இரண்டு நாளில் முடிந்துவிடும். இங்கே அந்தக் காய்ச்சல் ஆறு மாதம். பிப்ரவரியில் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் முடிந்ததும் தொடங்கும். மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் சந்தைக்கு வருவார்கள். ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு ஒன்றுதான். 2024-இல் அது 25.54 கோடி டாலர். அதனால் ரசிகர்கள் எல்லோரும் திடீரென்று ஆடிட்டர் ஆகிவிடுவார்கள். யாருடைய போனஸை எந்த ஆண்டுக்குத் தள்ளலாம் என்று ராத்திரி பதினொரு மணிக்கு விவாதிப்போம். ஏப்ரலில் டிராஃப்ட், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது. மே, ஜூனில் லேசான பயிற்சி. ஜூன் நடுவிலிருந்து ஒரு மாதம் எல்லோருக்கும் லீவு. ஜூலையில் கேம்ப், அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம்.

அந்த 2024 ஆஃப்சீசன் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் தொடங்கியது. ஜனவரியில் பிளேஆஃபில் டல்லாஸை அதன் சொந்த மைதானத்திலேயே 48-32 என்று வீழ்த்தினோம். அடுத்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 24-21 என்று தோற்றோம். கடைசியில் ஜோர்டன் லவ் ஓடிக்கொண்டே குறுக்கே எறிந்த பந்து எதிராளியின் கையில் போய் விழுந்ததை நான் இன்னொரு தடவை பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். மார்ச்சில், பந்தோடு ஓடுகிற ஆரன் ஜோன்ஸை விடுவித்தார்கள். அதே நாளில் அவருடைய இடத்துக்கு ஜாஷ் ஜேக்கப்ஸை எடுத்த செய்தியும் வந்தது. ஜோன்ஸ் நேராக மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போனார், பரம வைரிக்கு. கணக்கின்படி பார்த்தால் அது சரியான முடிவு. ஆனால் அந்த ஊதாச் சட்டையில் அவரைப் பார்க்க இன்றும் பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி லவ்வின் ஒப்பந்தம். குவார்ட்டர்பேக் விஷயத்தில் இந்த ஊருக்கு ஆஃப்சீசன் என்றாலே ஒரு நடுக்கம் உண்டு. 2008 கோடையில் பிரெட் ஃபார்வ், ஓய்வு பெற்றவர், மறுபடி ஆடுகிறேன் என்று கிளம்பினார். மைதானத்தில் குடும்ப இரவு என்ற பயிற்சி ஆட்டம் நடக்கும் நாளன்றே விமானத்தில் வந்து இறங்கினார். சில நாளில் நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்த ஆரன் ராட்ஜர்ஸும் பதினைந்து சீசன் ஆடிவிட்டு 2023 ஏப்ரலில் போனது அதே ஜெட்ஸுக்கு. மூன்றாவதாக வந்தவர் லவ். நாங்கள் போன வாரத்தில் அவர் ஊரில்தான் இருந்தார். ஆனால் ஒப்பந்தம் முடியும்வரை பயிற்சியில் கலந்துகொள்வதில்லை என்று இருந்துவிட்டார்.

பயிற்சி நடப்பது லம்போவுக்கு எதிரே, ஒனைடா தெருவைத் தாண்டி இருக்கும் ரே நிட்ஷ்கே ஃபீல்டில். டிக்கெட் இல்லை, முன்பதிவு இல்லை. போய் உட்கார வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஒரு காட்சி. உடைமாற்றும் அறையிலிருந்து பயிற்சித் திடலுக்கு வீரர்கள் சைக்கிளில் போவார்கள், ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளில். லொம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்து வரும் வழக்கம். பிள்ளைகள் காலையிலேயே வந்து சைக்கிளோடு வரிசையில் நிற்கிறார்கள். அதில் ஒரு சிறுமி, எட்டு வயது இருக்கும். ஊதா நிறச் சைக்கிள், கைப்பிடியில் பளபளவென்று குஞ்சம். அவளிடம் வந்தவர் ஒரு லைன்மேன், நூற்று நாற்பது கிலோவாவது இருப்பார். ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்ததும் பின் டயர் பாதியாக அமுங்கியது. முழங்கால் இரண்டும் கைப்பிடிக்கு வெளியே விரிய, ஆணிச்செருப்பு பெடலில் வழுக்க வழுக்க மிதித்தார். அவள் பக்கத்திலேயே ஓடினாள். தெருவைக் கடக்குமிடத்தில் அவர் வேகத்தைக் குறைத்து அவளுக்காகக் காத்திருந்ததைப் பார்த்தேன்.

அவருடைய எண்ணைப் பட்டியலில் தேடினால் அதே எண்ணில் இரண்டு பெயர். கேம்ப்பில் 90 பேர் வரை இருப்பார்கள், எண் போதாது. தாக்குதல் பக்கம் ஒருவர், தற்காப்புப் பக்கம் ஒருவர் என்று ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆகஸ்ட் கடைசியில் 53 பேராகக் குறைப்பார்கள். பயிற்சிக் குழுவில் பதினாறு சொச்சம் பேருக்கு இடம். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நட்சத்திரங்கள் டிசம்பரில் டிவியிலேயே தெரிவார்கள். இந்த மிச்சப் பேர் பச்சைச் சட்டையில் ஆடுவதை நாம் பார்க்கக் கிடைப்பது ஜூலையிலும் ஆகஸ்டிலும் மட்டுமே. அந்தப் பயிற்சியில் லவ் இடத்தில் ஷான் கிளிஃபர்டும் புதுமுகம் மைக்கேல் பிராட்டும் பந்தெறிந்தார்கள். கிளிஃபர்ட் எறிந்த ஒன்று தரையில் பட்டு உருண்டபோது பின்வரிசையில் ஒருவர் "அந்த 22 கோடியைக் கொடுத்துத் தொலையுங்கப்பா" என்கிற தொனியில் முனகினார். பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தொகை ஏற்கெனவே செய்திகளில் கசிய ஆரம்பித்திருந்ததோ, அவருடைய வாய்முகூர்த்தமோ.

ஊரைப் பற்றியும் கொஞ்சம். தெருப் பெயர்களெல்லாம் அணியின் பெயர்களே: லொம்பார்டி அவென்யூ, ஹோம்கிரன் வே, பார்ட் ஸ்டார் டிரைவ். மைதானச் சுற்றுலாவில் வீரர்கள் ஓடிவரும் சுரங்கவழியாக நம்மையும் அழைத்துப்போகிறார்கள். தரையில் பழைய சுரங்கவழியின் சிமென்ட்டை ஓரிடத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள். லொம்பார்டியின் ஆட்கள் மிதித்த சிமென்ட். மனைவிகூட அங்கே ஒரு நிமிடம் நின்று செருப்பால் தேய்த்துப் பார்த்தாள். மேற்கே டைட்டில்டவுன் என்று புதிதாக ஒரு பூங்கா. குளிர்காலத்தில் பனிச்சறுக்கும் குன்று, கோடையில் பிள்ளைகள் உருளும் புல்மேடு. சாப்பாட்டில் சைவர்களுக்குக் கைகொடுப்பது சீஸ் கர்டு, அதாவது புதுச் சீஸ் துண்டு. அன்றன்று செய்ததைக் கடித்தால் பல்லில் கீச் கீச் என்று சத்தம் வரும். பொரித்தது எங்கும் கிடைக்கும், ஆனால் பச்சையாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஊருக்குத் திரும்பிய அந்த வெள்ளிக்கிழமை இரவே செய்தி வந்துவிட்டது. நான்கு ஆண்டுக்கு 22 கோடி டாலர், கையெழுத்துக்கே 7.5 கோடி. மறுநாள் லவ் பயிற்சியில் இறங்கினார். "ஓனர் சார், இதுல நம்ம பங்கு எவ்வளவு?" என்று மனைவி கேட்டாள். அன்றைக்கு எந்தக் கிண்டலும் உறைக்கவில்லை.

அதற்கடுத்த ஆண்டு டிராஃப்டே கிரீன் பேயில் நடந்தது. மூன்று நாளில் ஆறு லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. நான் டிவியோடு சரி. 2002-க்குப் பிறகு முதல் முறையாக முதல் சுற்றில் பந்தைப் பிடிக்கிற ஒரு ரிசீவரை, மேத்யூ கோல்டனை, எடுத்தபோது அந்தக் கூட்டம் போட்ட சத்தம் எங்கள் வரவேற்பறை வரை கேட்டது. ஆகஸ்ட் கடைசியில் டல்லாஸிலிருந்து தற்காப்பு நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸை வாங்கினார்கள். விலை எங்கள் தற்காப்பு வீரர் கென்னி கிளார்க்கும், டிராஃப்டில் 2026, 2027 இரண்டு ஆண்டுக்குமான முதல் சுற்றுத் தேர்வும். நான் அதை ஆதரிக்கிறவன். முதல் சுற்றில் எடுக்கும் பையன்களில் எத்தனை பேர் பார்சன்ஸ் ஆகிறார்கள்? வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேருக்கு இதில் உடன்பாடில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஜூலை கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுவரை நல்ல நேரம். பயிற்சி எல்லா நாளும் பொதுமக்களுக்குத் திறந்திருக்காது, தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். சைக்கிள் வரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்னாலேயே இடம் பிடியுங்கள். தொப்பி, தண்ணீர், உட்கார ஏதாவது. மழை வந்தால் பயிற்சியை டான் ஹட்சன் சென்டர் என்ற கூரையடித் திடலுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே நமக்கு அனுமதி இல்லை, ஓனராக இருந்தாலும்.