ஹார்ட்நாட் கணவாயைக் காரில் கடக்க

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் போகிறவர்களில் பலர் விண்டர்மியரில் படகேறி, ஆம்பிள்சைடில் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆம்பிள்சைடிலிருந்து மேற்கே போகும் வழி ஒன்று உண்டு. ரைனோஸ், ஹார்ட்நாட் என்ற இரண்டு கணவாய்களை அடுத்தடுத்து ஏறி இறங்கி, எஸ்க்டேல் பள்ளத்தாக்கைப் பிடித்து, ரேவன்கிளாஸில் கடலைத் தொடும். ஒரு முழு நாளுக்கு இதைவிட நிறைவான பயணம் அந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ஓட்டுபவர் மட்டும் முன்கூட்டியே சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டு உச்சிகளும் கடல் மட்டத்திலிருந்து 390 மீட்டரை ஒட்டித்தான் இருக்கின்றன. உயரம் பெரிதில்லை, ஆனால் சரிவு மிகக் கடுமையானது. ஹார்ட்நாட்டில் 30 சதவீதம், அதாவது 10 மீட்டர் தூரம் போவதற்குள் 3 மீட்டர் ஏறிவிடும். அதோடு சாலையின் அகலம் ஒரே ஒரு காருக்குத்தான். ரோமானியர்கள் ரேவன்கிளாஸ் துறைமுகத்தையும் ஆம்பிள்சைடு கோட்டையையும் இணைக்கப் போட்ட பாதை இந்தக் கணவாய்கள் வழியாகத்தான் போனது. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் இங்கே டாங்கிப் பயிற்சி நடத்தியதில் பழைய தளம் முழுக்கச் சிதைந்தது. இப்போது நாம் ஓட்டும் தார்ச்சாலை போருக்குப் பின் போடப்பட்டது.

இந்தச் சாலைக்கு வேண்டிய முதல் திறமை ரிவர்ஸ் எடுப்பது. ஏற்றத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதிகம், ஆனால் எந்தச் சின்னக் காரும் முதல் கியரில் ஏறிவிடும். எதிரே ஒரு வண்டி வந்து நிற்கும்போதுதான் சிக்கலே தொடங்குகிறது. ஒற்றைத் தடச் சாலைகளில் இடைவெளி விட்டு ஓரத்தில் சற்றே அகலப்படுத்தி வைத்திருப்பார்கள். சில இடங்களில் வெள்ளைப் பலகை இருக்கும், பல இடங்களில் பலகையே இருக்காது. அந்த ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் போகாதீர்கள். அதற்கு நேரே உங்கள் தடத்திலேயே நின்றுகொண்டால், எதிரே வருபவர் அதில் ஒதுங்கிப் போய்விடுவார். வலப்பக்கத்துக்குள் புகுந்தால் இருவரும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டு மூக்கோடு மூக்கு முட்டி நிற்க வேண்டிவரும்.

மேலே ஏறி வரும் வண்டிக்கு முடிந்தவரை வழிவிட வேண்டும் என்று பிரிட்டனின் சாலை விதிநூல் சொல்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 30 சதவீத ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்ப கிளட்ச் படும் பாடு அதிகம். ஈரத் தரையில் முன்சக்கர இயக்கமுள்ள காருக்கு எடை பின்னால் சாய்ந்துவிடுவதால் முன் டயர்கள் பிடிப்பில்லாமல் சுழலும். ஆனால் இறங்குபவருக்குப் பின்னால் ஐந்து கார்கள் வரிசையாக நின்று, ஏறுபவர் தனியாக இருந்தால், ஏறுபவரே பின்வாங்குவதுதான் எல்லோருக்கும் நல்லது. யாருக்கு ஒதுங்குமிடம் அருகில் இருக்கிறதோ அவர் நகர்வார் என்பதே நடைமுறை. அதனால் ஓட்டும்போதே கடைசியாகக் கடந்த ஒதுங்குமிடம் எங்கே, எந்தப் பக்கம் என்பதை மனதில் குறித்துக்கொண்டே வர வேண்டும். இந்த ஒரு பழக்கம் கைவந்தால் பாதிப் பதற்றம் போய்விடும்.

பின்வாங்கும்போது கண்ணாடிகளை மட்டும் நம்பாதீர்கள். ஜன்னலை இறக்கி, சக்கரம் எங்கே போகிறது என்று தலையை நீட்டிப் பாருங்கள். ஓரப் புல் தட்டையாகத் தெரியும், அதற்கடியில் வடிகாலோ கூர்மையான கல்லோ மறைந்திருக்கும். இந்த வட்டாரத்தில் அதிகம் நேரும் சேதம் டயரின் பக்கச் சுவர் கிழிவது. இப்போதைய கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரம் கிடையாது. நுரை அடைக்கும் புட்டி ஒன்றுதான் தருகிறார்கள். ஆணி குத்திய ஓட்டையை அது அடைக்கும், பக்கச் சுவர்க் கிழிசலுக்கு உதவாது. வாடகைக் கார் எடுக்கும்போது மாற்றுச் சக்கரம் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை பல வாடகைக் காப்பீடுகளில் சேர்வதில்லை, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய காரை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தச் சாலையில் காரின் அகலம் குறையக் குறைய நிம்மதி கூடும்.

பெட்ரோலை ஆம்பிள்சைடு பக்கமே நிரப்பிக்கொள்ளுங்கள், கணவாய்ச் சாலையில் பங்க் கிடையாது. பிரிட்டனில் பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்புக் குழாய் டீசல். நீங்களே நிரப்ப வேண்டும் என்பதால் வாடகைக் காரின் மூடியில் எழுதியிருப்பதை ஒரு தடவை படித்துவிட்டுத் தொடங்குங்கள். மலைக்கு நடுவே செல்பேசி சிக்னல் போய்விடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கார் நிறுத்தக் கட்டணத்தைச் செயலி வழியாகக் கட்டச் சொல்லும் இடங்களில் சிக்னல் இல்லாமல் திண்டாடாமலிருக்கக் கொஞ்சம் சில்லறையும் வேண்டும். இன்னொன்று, ஆம்பிள்சைடிலிருந்து எஸ்க்டேலுக்கு வழி கேட்டால் சாட்நாவ் குறுகிய வழி என்று இந்தக் கணவாய்களைத்தான் காட்டும். சரிவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மழையிலும் இருட்டிலும் தெரியாமல் வந்து மாட்டிக்கொள்வது இப்படித்தான். குளிர்காலத்தில் உறைபனி பிடித்தால் சாலையை மூடிவிடுவார்கள். மூடாவிட்டாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தப் பக்கம் வர நினைக்காதீர்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்குக் கிழக்கிலிருந்து மேற்கே போவதே நல்லது என்பது என் கருத்து. ஹார்ட்நாட்டின் மேற்குச் சரிவுதான் மிகக் கடினமானது. அதை இறங்கும் திசையில் சந்தித்தால் கீழே வளைந்து வளைந்து போகும் சாலை கண்ணுக்குத் தெரியும். யாராவது ஏறி வந்தால் மேலேயே ஒதுங்கிக் காத்திருக்கலாம். காலை 9 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். 11 மணிக்கு மேல் கூட்டம் வந்துவிடும். மே மாதத்தில் ஃபிரெட் விட்டன் சேலஞ்ச் என்ற 112 மைல் சைக்கிள் நிகழ்வு இந்தக் கணவாய்கள் வழியாகப் போகும், அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆம்பிள்சைடிலிருந்து ஏ593 சாலையில் ஸ்கெல்வித் பிரிட்ஜ் தாண்டி, வலப்பக்கம் லிட்டில் லாங்டேலுக்குத் திரும்ப வேண்டும். ஊரைக் கடந்து ஃபெல் ஃபுட் பண்ணை வீட்டை ஒட்டி வளைந்ததும் ரைனோஸ் ஏற்றம் தொடங்கும். இரண்டாம் கியரில் தொடங்கலாம், வண்டி திணறும் முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். திணறிய பிறகு மாற்றினால் அந்த ஒரு நொடியில் வேகம் செத்துவிடும். உச்சியில் மூன்று மாவட்டக் கல் நிற்கிறது. லங்காஷயர், கம்பர்லாந்து, வெஸ்ட்மர்லாந்து என்ற மூன்று பழைய மாவட்டங்களும் கூடிய இடம் அது. அங்கிருந்து இறங்கினால் ரைனோஸ் பாட்டம் என்ற தட்டையான பள்ளத்தாக்கு, பக்கத்திலேயே டடன் ஆறு. அதன் முடிவில் காக்லி பெக் சந்திப்பு. ரைனோஸே கையை நடுங்க வைத்துவிட்டது என்றால் இங்கிருந்து தெற்கே டடன் பள்ளத்தாக்கு வழியாகப் பிராட்டன் என்ற ஊருக்கு இறங்கிவிடலாம். அதுவும் குறுகலான சாலைதான், ஆனால் அழகானது, ஹார்ட்நாட் அளவு செங்குத்தும் இல்லை. இந்த மாற்றுவழி இருப்பது தெரிந்தாலே மனசு லேசாகும்.

காக்லி பெக்கிலிருந்து மேற்கே போனால் ஹார்ட்நாட். கொண்டை ஊசி வளைவுகளில் காரின் மூக்கு மேலே தூக்கி நிற்பதால் முன்கண்ணாடி வழியாக வானம் மட்டுமே தெரியும். எனவே வளைவுக்குள் நுழையும் முன்பே பக்க ஜன்னல் வழியாக மேலே பார்த்து, சாலை காலியா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வளைவின் உட்புறம்தான் மிகச் செங்குத்து. எதிரே வண்டி இல்லையென்றால் வெளிப்புறமாக அகலமாக எடுத்துத் திருப்பினால் சரிவு குறையும், டயரும் பிடிக்கும். நின்றுவிட நேர்ந்தால் ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, கிளட்ச் பிடிக்கும் புள்ளி வந்ததும் விடுங்கள். ஏற்றத்தில் கார் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு வசதி ஓரிரு நொடிதான் தாங்கும், அதை மட்டும் நம்பக் கூடாது. கிளட்சைப் பாதி மிதித்தபடி ஊர்ந்தால் தீய்ந்த வாடை வரும். அந்த வாடை வந்தால் உச்சியில் பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை ஆற விடுங்கள்.

இறங்கும்போது கியர்தான் பிரேக். சரிவு தொடங்கும் முன்பே முதல் கியரில் போட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கையால் கியர் மாற்றும் நிலைக்கோ எல் என்ற நிலைக்கோ வாருங்கள், சில ஹைபிரிட் கார்களில் அது பி என்று இருக்கும். டி-யிலேயே விட்டுப் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் பட்டைகள் சூடேறிப் பிடிப்பு குறையும். மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போவதாகத் தோன்றினால் உடனே ஒதுங்கி நிறுத்துங்கள். மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் இந்த இறக்கம் சுலபம்.

வழியெங்கும் ஹெர்ட்விக் செம்மறிகள் இருக்கும். சாம்பல் நிற ரோமம், வெள்ளை முகம். குட்டிகள் பிறக்கும்போது கறுப்பாக இருப்பதால் அந்தி வெளிச்சத்தில் தார்ச்சாலையோடு கலந்துவிடும். வேலியில்லாத மலையில் எந்த மந்தைக்கு எது எல்லை என்பதைத் தாய் ஆட்டிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. இந்த ஆடுகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. ஓட்டுபவருக்கு வேண்டிய குறிப்பு ஒன்றுதான்: தாய் ஒரு பக்கமும் குட்டி எதிர்ப்பக்கமும் நின்றால், வண்டியைக் கண்டதும் குட்டி சாலையைக் கடந்து தாயிடம் ஓடும். நின்றுவிடுங்கள். ஆட்டை மோதிவிட்டால் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். உரியவரிடம் விவரம் தர முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. சாலையின் குறுக்கே பள்ளம் வெட்டி இரும்புக் குழாய்கள் பதித்திருக்கும் 'கேட்டில் கிரிட்' என்ற கால்நடைத் தடுப்பை நேராக, மெதுவாகக் கடங்கள். மழையில் அதன் மேல் பிரேக் அடித்தால் வழுக்கும். குதிரைகள் வந்தால் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகாமல், குறைந்தது 2 மீட்டர் இடம் விட வேண்டும். ஹாரன் கூடாது.

ஹார்ட்நாட் உச்சியைத் தாண்டி இறங்கும் வழியில் ரோமானியக் கோட்டை இருக்கிறது. மீடியோபோக்டம் என்பது அதன் பழைய பெயராகக் கருதப்படுகிறது. பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், இன்றைய குரோவேஷியக் கடற்கரைப் பகுதியான டால்மேஷியாவிலிருந்து வந்த படைப்பிரிவு இங்கே இருந்தது. தானியக் களஞ்சியம், தளபதி வீடு, மதிலுக்கு வெளியே குளியலறை, அதற்கு மேல் அணிவகுப்புத் திடல் என எல்லாவற்றின் அடித்தளமும் தெளிவாகத் தெரியும். கட்டணம் இல்லை. சாலையோரம் சில கார்களுக்கே இடம் உண்டு. நிரம்பியிருந்தால் ஒதுங்குமிடத்தில் நிறுத்திவிடாதீர்கள், அங்கே ஒரு கார் நின்றால் மலைச்சாலை முழுவதும் அடைத்துக்கொள்ளும்.

நடக்க விரும்புகிறவர்களுக்கு ஹார்ட்நாட் உச்சியிலிருந்து ஹார்ட்டர் ஃபெல் இருக்கிறது. 654 மீட்டர் உயரச் சிகரம், ஏற்றம் சுமார் 260 மீட்டர்தான். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது நெய்ஸ்மித் என்பவர் 1892இல் சொன்ன கணக்கு. அதன்படி இரண்டரை கிலோமீட்டர் பாதைக்கு ஒரு மணி நேரம் ஆகும். வழியில் சதுப்பு நிறைய இருப்பதால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் மூடும் பூட்ஸ், நீர்புகா மேலாடை, பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் மூன்றும் வேண்டும். அந்த வரைபடத்தில் பச்சைக் கோடு பொதுவழி உரிமையைக் குறிக்கும். கறுப்புப் புள்ளிக்கோடு தரையில் தடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். பள்ளத்தாக்கு வயல்களில் மஞ்சள் அம்பு நடைபாதைக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்லுங்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள் மேல் ஏறாதீர்கள், மேல்கல் ஒன்று பெயர்ந்தால் சுவரே சரியத் தொடங்கும். விபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேட்க வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் ஒரு நிமிடத்தில் ஆறு விசில், பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.

எஸ்க்டேலில் பூட் என்ற சிற்றூரில் சாப்பிடலாம். கிராமத்து பப்களில் மதியச் சமையல் பெரும்பாலும் 2 மணி, இரண்டரைக்குள் நின்றுவிடும். கடற்கரைக்குக் காரில் போவதைவிட டால்கார்த் நிலையத்திலிருந்து ரேவன்கிளாஸுக்குச் சின்ன ரயிலில் போய் வாருங்கள். தண்டவாள இடைவெளி 15 அங்குலம்தான். 1875இல் இரும்புத்தாது ஏற்ற 3 அடி இடைவெளியில் போட்ட பாதை, 1915 முதல் இந்தக் குறுகிய அளவுக்கு மாற்றப்பட்டது. 7 மைல், 40 நிமிடம் போல ஆகும். கடைசி ரயில் நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ரேவன்கிளாஸில் ரோமானியக் குளியலறையின் சுவர்கள் ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்துக்கு இன்றும் நிற்கின்றன, நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும்.

திரும்பும்போது வந்த வழியே வர வேண்டாம். களைத்த கால்களோடு ஹார்ட்நாட்டின் மேற்குச் சரிவில் ஏறுவது தேவையில்லாத சோதனை. ஏ595 பிடித்துத் தெற்கே பிராட்டன் வரை வந்து, அங்கிருந்து ஏ593இல் கானிஸ்டன் வழியாக ஆம்பிள்சைடு சேரலாம். தூரம் கூடுதல், ஆனால் பெரும்பாலும் இரண்டு வண்டி போகும் அகலம் இருக்கும். சாம்பல் கல் வீடுகளை ஒட்டிச் சாலை திடீரென நெருங்கும் இடங்கள் இதிலும் உண்டு, அங்கே மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.