முக்கோணத்துக்குள் ஓர் உடல்

குலாம் ரசூல் சந்தோஷின் ஓவியம் ஒன்றை முதன்முறை அச்சுப்படியில் பார்த்தபோது, வெறும் வடிவியல் கோலம் என்றே எண்ணிக் கடந்துவிட்டேன். மறுபடி பார்த்த நாளில்தான், நடுக்கோட்டின் இருபுறமும் சமமாக விரிந்த அவ்வடிவங்களுக்குள் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் ஓர் உடல் கண்ணில் பட்டது. இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் கீழ்நோக்கிய முக்கோணம். அதன் விளிம்பில், எங்கே முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாதபடி கருநீலம் மெல்ல வெளுத்து ஒளியாகிறது.

1929-இல் ஸ்ரீநகரில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அவர், தாம் மணந்த இந்துப் பெண்ணின் பெயரான சந்தோஷையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவர் ஓவியங்களுக்கு இதைவிட நல்ல முன்னுரை இல்லை என்பேன். 1964-இல் அமர்நாத் குகைக்குச் சென்று வந்தபின் காஷ்மீர சைவத்திலும், மந்திரமும் யந்திரமும் கொண்டு வழிபடும் தாந்திரிகத்திலும் ஆழ்ந்தார்.

தாந்திரிக வழிபாட்டுக்குரிய கோலமான ஸ்ரீசக்கரத்தில் மேல்நோக்கிய நான்கு முக்கோணங்கள் சிவனையும் கீழ்நோக்கிய ஐந்து முக்கோணங்கள் சக்தியையும் குறிக்கின்றன. அவை ஒன்றையொன்று ஊடுருவி நிற்பதையே தாந்திரிக மரபு படைப்பாகக் காண்கிறது. அம்மரபிலிருந்து லிங்கத்தையும் யோனியையும் எடுத்துக்கொண்ட சந்தோஷ், அவற்றை மறைக்கவும் இல்லை, கிளர்ச்சிக்காகக் காட்டவும் இல்லை. காமம் என்ற சொல்லை வீட்டில் உரக்கச் சொல்லக் கேட்டறியாத எனக்கு, அந்த நிதானம் பெரும் ஆறுதலாக இருந்தது.