720720: ஒரே எண்ணை வைத்துக் கணக்கைக் கரையேற்றிய கதை

குரூப் 4 முடிவு வந்து நாலு நாள் ஆகிறது. தரவரிசையைப் பார்த்தால் வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறது. போன முறை 3 மதிப்பெண்ணில் போச்சு, அதாவது இரண்டே கேள்வி. அந்த எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

தமிழுக்கும் பொது அறிவுக்கும் பள்ளிப் புத்தகம்தான், அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அந்த 25 கணக்குக் கேள்விகளைப் பற்றி.

ஒரு மாதிரித் தேர்வில், 1 முதல் 16 வரை எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண் எது என்று கேட்டிருந்தார்கள். 360360 என்று நிரப்பினேன். தப்பு. அது 15 வரைக்கும் சரி, 16 என்று வரும்போது ஒரு 2 குறையும். விடை 720720. 8-ஐப் பார்த்த கை 2-க்கு அடுக்கு 3 என்று போட்டுவிட்டு 16-ஐ மறந்துவிட்டது. அந்த 360360-ஐ வேண்டுமென்றே ஆப்ஷனில் வைத்திருந்தார்கள், பாவிகள்.

அன்றைக்கே அந்த எண்ணை எழுதி, அப்பா ஜமக்காளம் நெய்கிற தறிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். மூன்று மாதம் அதையே குடைந்தேன்.

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

- மொத்த வகுத்திகள்: ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கணும். 5×3×2×2×2×2 = 240.
- ஒற்றைப்படை வகுத்திகள்: 2-ஐத் தூக்கிப் போட்டால் 48. மிச்சம் 192 இரட்டைப்படை.
- எதால் பெருக்கினால் முழு வர்க்கம்? ஜோடி இல்லாமல் நிற்பவை 5, 7, 11, 13. பெருக்கினால் 5005. வர்க்கமூலம் 60060.
- 7, 11, 13 சோதனை: மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழிக்கணும். 720 − 720 = 0. மூன்றிலக்க எண் எதையும் இரண்டு தடவை அடுத்தடுத்து எழுதினால் அது 1001-இன் மடங்கு. 1001 என்பது 7×11×13.

இதைவிடச் சின்ன எண் எதற்கும் 240 வகுத்திகள் கிடையாது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையின் பட்டியலில் 720720-உம் உண்டு. அவர் 1887-இல் பிறந்தது எங்கள் பக்கத்து ஈரோட்டில். தேர்வில் இதற்கு அரை மதிப்பெண் கூடக் கிடைக்காது, ஆனால் தெரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புச்சியிடம் சொன்னேன். "240 பங்காளிக்குச் சண்டையில்லாமப் பிரிக்கலாம்னா, அது நம்மூருச் சொத்தே இல்ல கண்ணு" என்றார்.

பத்துப் புத்தகம் வாங்கி அடுக்குகிறவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. எனக்கு ஒன்றையே நோண்டத்தான் வரும்.

இன்னும் சில:

- மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்றால் முதலில் பகாக் காரணி, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பெரிய அடுக்கு. மனக்கணக்கு வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், பெரிய அடுக்கு.
- விடையைக் கடைசி எண்ணால் ஒரு தடவை வகுத்துப் பாருங்கள். அன்றைக்கு 16-ஆல் வகுத்திருந்தால் தப்பித்திருப்பேன்.
- தெரியாத கேள்விக்கு 'விடை தெரியவில்லை' என்கிற ஐந்தாவது 'E' வட்டத்தை நிரப்ப மறக்காதீர்கள்.

சான்றிதழ்களைத் தேடி எடுக்கிற வேலை இருக்கிறது. சுவரில் இருந்த தாளை அப்பா இன்னும் கிழிக்கவிடவில்லை.