கண்ணில் படாத துளை

லேப்ராஸ்கோபிக் கருவிகளின் (வயிற்றில் சிறு துளையிட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்யும் அறுவைக்கானவை) தண்டில் மின்சாரம் கசியாமல் போர்த்திய காப்புறையைச் சோதிக்கும் பொறுப்பை எங்கள் அறுவை அரங்கில் நான் ஏற்றபோது, "கண்ணால் பார்த்தால் போதாதா, சிஸ்டர்?" என்று பலரும் கேட்டார்கள். போதாது. அதைப் புரியவைப்பதற்குள்தான் எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

பித்தப்பையைப் பிரித்தெடுக்கும்போது ஹூக் என்ற கொக்கிக் கருவியின் முனையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்ச இடமும்தான் திரையில் தெரியும். நீண்ட தண்டின் பெரும்பகுதி கேமராவுக்கு எட்டாமல், குடலை ஒட்டிக்கூடக் கிடக்கும். மோனோபோலார் மின்சாரம் முனையில் திசுவைச் சுட்டுவிட்டு, நோயாளியின் தொடையில் ஒட்டிய பிளேட் வழியாக இயந்திரத்துக்குத் திரும்ப வேண்டும். 1926-இல் பாஸ்டனில் மின்சாரத்தால் திசுவை வெட்டும் வில்லியம் போவியின் இயந்திரத்தை மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் அறுவை மேசைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். ஆனால் அது திறந்த அறுவை. கருவி முழுவதும் கண்முன்னே இருந்தது.

தண்டின் உறையில் துளை விழுந்தால் மின்சாரம் அங்கேயே குடலில் பாய்ந்துவிடும். ஊசிமுனைத் துளைதான் மிகவும் பொல்லாதது. பெரிய கிழிசலைக் கண் பிடித்துவிடும். சிறு துளையிலோ மொத்த மின்சாரமும் ஒரு புள்ளியில் குவிகிறது. சுட்ட இடம் அன்று யார் கண்ணிலும் படாமல் போகலாம். சில நாள் கழித்துக் குடலில் ஓட்டை விழுந்து, காய்ச்சலும் வயிற்றுவலியுமாக நோயாளி திரும்பி வருவார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

கழுவிய பிறகு, ஸ்டெரிலைசருக்கு அனுப்பும் முன் சோதிப்பது என்று முறை வைத்தோம். கருவி நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பழுதில்லாத இடத்திலும் சோதனைக் கருவி ஒலிக்கும். சோதனைக் கருவியின் கிளிப்பை, அறுவைக் கருவியில் ஒயர் மாட்டும் உலோக முள்ளில் (பின்) பொருத்தி, சோதனைக் கருவியின் வளையத்தைத் தண்டின் மீது மெல்ல நகர்த்த வேண்டும். அவசரமாக இழுத்தால் துளை தப்பிவிடும்.

அப்படி ஒரு மேரிலேண்டை, அதாவது வளைந்த முனையுள்ள பிடிகருவியை, சோதித்தேன். பார்க்கப் புதிதுபோல் பளபளத்தது. தாடைக்குச் சற்று மேலே, உறை முடியும் விளிம்பருகே வளையம் வந்ததும் 'பீப்'. துடைத்து உலர்த்தி மீண்டும் வைத்தேன்; அதே இடம், அதே ஒலி. உருப்பெருக்கியில் பார்த்தால் மிளகில் பாதிகூட இல்லாத ஒரு கரும்புள்ளி. எங்கள் மூத்த சர்ஜனிடம் காட்டினேன். "சோதிக்காத கருவியை இனி என் மேசையில் வைக்காதீர்கள், சிஸ்டர்" என்றார். அதன்பின் சோதிக்க நேரமில்லை என்ற பேச்சு எழவில்லை.

உறை தேய்வது யார் குற்றமும் இல்லை. கருவியை வயிற்றுக்குள் செலுத்தும் குழாயான உலோக ட்ரோக்காரின் விளிம்பில் உரசுவதும், பிரஷ்ஷும், ஸ்டெரிலைசராகிய ஆட்டோகிளேவின் சூடும் சேர்ந்து அதை அரிக்கின்றன. உறை நன்றாக இருந்தாலும் எல்லா ஆபத்தும் நீங்கிவிடாது. முனை திசுவைத் தொடாமல் அந்தரத்தில் இருக்கும்போது மின்சாரம் செலுத்தும் பெடலை மிதித்தால், நல்ல உறையைத் தாண்டியும் பக்கத்து உலோகத்தில் மின்சாரம் ஏறலாம். அதனால் முனை திரையில் தெரிந்து, திசுவைத் தொட்ட பிறகே பெடல் என்பதில் எங்கள் சர்ஜன்கள் இப்போது கண்டிப்பாக இருக்கிறார்கள்.

ஒலி எழுப்பிய கருவிக்குச் சிவப்பு நாடா கட்டி, பழுது பார்க்கத் தனியே வைக்கிறோம். டேப் சுற்றி அன்றைய கேஸை ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை.