ஓமகாரி வாணப் போட்டிக்கு அப்பாவை அழைத்துப் போனது

ஜப்பானில் கோடை வந்தால் ஊருக்கு ஊர் வாணவேடிக்கைதான். டோக்கியோவில் இருப்பவர்கள் சுமிதா ஆற்றுப் பக்கம் ஒரு மாலை நடந்து போனாலே போதும். ஆனால் போட்டி என்பது வேறு சமாச்சாரம். அகிதா மாநிலத்தில் தாய்சென் நகரத்தின் ஓமகாரியில், ஆகஸ்டு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த வாணக்காரர்கள் கூடுகிறார்கள். தாங்கள் செய்த வெடியைத் தாங்களே ஏற்றுகிறார்கள். நடுவர்கள் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். ஜெயித்தால் பிரதமர் விருது. 1910இல் சுவா கோவில் திருவிழாவை ஒட்டித் தொடங்கிய வழக்கம் இது.

அப்பா திருச்சியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் இந்தக் கோடையில் இதற்கு அவரைக் கூட்டிப் போவது என்று முடிவு செய்தேன். ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்குச் சொந்த ஊர் அகிதா. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி எங்கே தூங்கப் போறீங்க?" என்பதுதான். டிக்கெட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான கேள்வி. தாய்சென் நகரத்தின் மொத்த மக்கள்தொகையே 80,000க்குக் கீழ். போட்டி நாளில் கூட்டம் 7 லட்சத்தைத் தொட்ட வருடங்கள் உண்டு. அத்தனை பேரும் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரே நேரத்தில் எழுந்து கிளம்புவார்கள்.

அதனால் எல்லாவற்றையும் பின்னாலிருந்து திட்டமிட்டோம். முதலில் படுக்கை, அப்புறம் ரயில், கடைசியில்தான் இருக்கை. ஓமகாரியிலேயே அறை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். வருடா வருடம் வருகிறவர்கள் எப்போதோ பிடித்து வைத்திருப்பார்கள். எங்களுக்கு எட்டக்கூடியதாக இருந்தவை ஒரு பக்கம் அகிதா நகரம், இன்னொரு பக்கம் மொரியோகா. ஓமகாரியிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் அகிதா அரை மணி நேரம், மொரியோகா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அகிதாவை எடுத்துக்கொண்டோம். கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம் என்று போட்டிருந்த அறையை, இருக்கை கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே பதிவு செய்துவிட்டோம். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் சீக்கிரமே செய்துவிடுங்கள்.

டோக்கியோவிலிருந்து ஓமகாரிக்குக் கொமாச்சி என்ற ஷின்கான்சென் ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ரயிலில் எல்லாமே முன்பதிவுப் பெட்டிகள். பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, காலை பத்து மணிக்கு டிக்கெட் திறக்கும். எகிநெட் என்ற ரயில் முன்பதிவுத் தளத்தில் அதற்கு ஒரு வாரம் முன்பே கோரிக்கையைப் பதிந்து வைக்கலாம். கிடைத்தே தீரும் என்று உறுதி கிடையாது, ஆனாலும் பத்து மணிக்குப் போனும் கையுமாக முட்டி மோதுவதைவிட இது எவ்வளவோ மேல். போகும்போது அதிகாலை ரயிலையே கேட்டிருந்தோம், கிடைத்தது. இரவு திரும்ப அகிதா பக்கம், மொரியோகா பக்கம், யோகொதே பக்கம் என்று ரயில்வே சிறப்பு ரயில்கள் விடுகிறது. அந்த அட்டவணையை மட்டும் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அத்தனை கூட்டத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது.

இருக்கை குலுக்கல் முறை. விண்ணப்பம் ஜப்பானிய மொழியில், அதில் உள்ளூர்த் தொலைபேசி எண்ணும் கேட்டார்கள். இங்கேயே வசிக்கும் யாராவது கூட இருந்தால்தான் இது சுலபம். ஆற்றோரச் சமதளத்தில் நாலைந்து பேர் சேர்ந்து தரையில் உட்காரும் கட்ட இருக்கைகள் உண்டு, தனித்தனி நாற்காலிகளும் உண்டு. அப்பாவுக்கு முழங்கால் வலி. நாற்காலிக்குத்தான் போட்டோம், அதிலும் முடிந்தவரை நடுப்பகுதிக்கு. இதற்குக் காரணம் இருக்கிறது. வானத்தில் விரியும் உருண்டை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் உருண்டைதான். ஆனால் போட்டியின் இன்னொரு பகுதியான படைப்பு வாணத்தில் இடம் வலமாக வரிசை கட்டி ஏற்றுகிறார்கள், அதெல்லாம் எதிரே நேராகப் பார்ப்பவருக்காக அமைத்தது. ஓரத்தில் உட்கார்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பும். வாணம் என்றால் வட்டமாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டு அந்தப் பகுதியை 1964இல் தொடங்கி வைத்தவர் சாத்தோ இசாவோ. இன்று ஜப்பான் முழுக்க இசையோடு ஏற்றுகிற வாணங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டோம். வழி நெடுக வீட்டு வாசல்களில்கூடக் கடை போட்டிருப்பார்கள், ஆனால் சைவம் என்றால் அவித்த சோளம், குச்சியில் குத்திய வெள்ளரிக்காய், பச்சை சோயா அவரை இவற்றோடு முடிந்தது. மழைக்கு மேலங்கி எடுத்துக்கொள்ளுங்கள். குடை பிரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும்.

நிலையத்திலிருந்து மைதானத்துக்கு அரை மணி நேர நடை. அப்பாவோடு மெதுவாகத்தான் போனோம், வழியில் ஹனாபியாம் என்ற வாண அருங்காட்சியகத்தில் கொஞ்சம் இளைப்பாறினோம். வெட்டிப் பார்த்தால் குண்டுக்குள் மருந்து உருண்டைகளை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று அங்கே பார்க்கலாம். இரவு பார்க்கப்போவது புரிய வேண்டுமென்றால் இதைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

நாலரை மணிக்கெல்லாம் இருக்கையில் இருந்தோம். இருட்டிய பிறகு போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் போனால் பகல் வாணம் போய்விடும். ஐந்து மணிக்கு மேல், வெயில் இன்னும் இருக்கும்போதே அது தொடங்கும். ஜப்பானில் பகல் வாணத்துக்கென்று போட்டி வைப்பது இங்கே மட்டும்தான் என்கிறார்கள். ஒளிக்கு அங்கே வேலையில்லை. எல்லாம் வண்ணப் புகைதான். "ஏம்மா, பகல்லயேவா விடுவாங்க?" என்று அப்பா கேட்டு முடிப்பதற்குள் முதல் குண்டு வெடித்தது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் புகை இழைகள் தலைகீழாக இறங்கின, காற்று அவற்றை மெல்ல வளைத்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அன்று முழுவதும் அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஏழு மணிவாக்கில் இரவுப் போட்டி. ஒவ்வொரு வாணக்காரரும் பத்தாம் எண் குண்டு இரண்டு ஏற்றுகிறார்கள், பிறகு இரண்டரை நிமிடத்துக்குள் படைப்பு வாணம். பத்தாம் எண் குண்டு சுமார் 30 செ.மீ. குறுக்களவு, வானத்தில் 300 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. அதில் எதைப் பார்ப்பது என்று அந்த அகிதாக்கார ஆபீஸ் நண்பர் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். ஏறி உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது வெடிக்கிறதா, ஏறும்போதோ இறங்கும்போதோ வெடிக்கிறதா? வட்டம் எங்கேயும் நசுங்காமல் இருக்கிறதா? உள்ளே மூன்று, நான்கு என்று ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா? எல்லா மருந்து உருண்டைகளும் ஒரே கணத்தில் நிறம் மாறுகின்றனவா, ஒரே கணத்தில் அணைகின்றனவா?

கடைசிக் கேள்விதான் என்னை முழுதாகப் பிடித்துக்கொண்டது. அணைவதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் விரிவதைப் பற்றிய ஆசையே குறைந்துவிடும். ஒரு நல்ல குண்டு, விளக்கு சுவிட்சைத் தட்டியதுபோல் மொத்தமாக மறையும். சுமாரான குண்டில் ஓரத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும் மிச்சமிருந்து இழுபடும். அப்படி ஒன்று தெரிந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர் "ஆ" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். மருந்தைப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி என்று ஒவ்வோர் உருண்டையையும் மாதக்கணக்கில் வளர்க்கிறார்கள். அதில் ஓர் இழை கூடக் குறைய இருந்தாலும் அத்தனை உயரத்தில், அத்தனை பேர் முன்னிலையில் தெரிந்துவிடும். கைவேலையை இவ்வளவு நேர்மையாக அம்பலத்தில் வைக்கும் கலை வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

போட்டிக்கு நடுவே அமைப்பாளர்கள் தங்கள் சார்பில் ஒரு பெரிய வாணம் ஏற்றுவார்கள், ஆற்றங்கரை நெடுக. அதற்காகவே வருபவர்கள் உண்டு. கழிவறைக்குப் போவதென்றால் அதற்கு வெகு முன்பே போய் வந்துவிட வேண்டும், வரிசை அப்படி நீளம்.

எல்லாம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். அக்கரையில் வாணக்காரர்கள் சிவப்பு விளக்குகளை ஆட்டுவார்கள், இக்கரையில் நாம் போன் விளக்கை ஆட்ட வேண்டும். நன்றி சொல்லும் வழக்கம் அது. அப்பாவும் எழுந்து நின்று ஆட்டினார். பிறகு ஒரு மணி நேரம் இருக்கையிலேயே உட்கார்ந்து மிச்சப் புளியோதரையைச் சாப்பிட்டோம். கூட்டம் சற்று வடிந்த பிறகு நடந்தோம். நிலையத்தில் திசைவாரியாக வரிசை பிரித்து, பலகையோடு ஆட்கள் நின்றார்கள். நள்ளிரவைத் தாண்டி அகிதா போய்ச் சேர்ந்தோம்.

ஆகஸ்டு ஒத்துவராதவர்களுக்கு நவம்பர் முதல் சனிக்கிழமை சுச்சியூரா இருக்கிறது. 1925இல் தொடங்கிய போட்டி, இபராகி மாநிலத்தில், டோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து ஜோபான் விரைவு ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இரவே வீடு திரும்பிவிடலாம். அடுக்கடுக்காகத் தொடர்ந்து ஏற்றும் பிரிவு அங்கே பேர்போனது. பகல் வாணம் கிடையாது. அங்கேயும் இருக்கைகள் சீக்கிரம் போய்விடும், ஆற்றங்கரைக் குளிருக்குக் கம்பளி கட்டாயம் வேண்டும். அப்பாவின் விசா அதற்குள் முடிந்துவிடும் என்பதால் இந்த முறை நானும் என் கணவரும் மட்டும் விண்ணப்பம் போடுகிறோம்.